பழவேற்காடு ஏரியும் இரண்டு கலவைக் கூடங்களும்

சத்தியவேட்டிலிருந்து கிழக்கே போனால் தடாவும், அதைத் தாண்டிப் பழவேற்காடு ஏரியும் வரும். 1960 ஏப்ரல் 1 வரை சத்தியவேடு சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. சென்னை, ஆந்திர மாநிலங்களின் எல்லைகளைத் திருத்தியபோது திருத்தணி இந்தப் பக்கம் வர, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. அதன்பின் சித்தூர் மாவட்டத்திலும், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டத்திலும் இருக்கிறது. கோடு எங்கே விழுந்தாலும் ஏரி ஒன்றுதான். அதன் தென்முனையில் இருக்கும் பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வெடிமருந்து செய்தார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவில், 1970-களின் பிற்பாதியிலிருந்து இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் (இஸ்ரோ) ஏவூர்திகளுக்கான திட எரிபொருள் செய்கிறது. முதல் செய்தியைக் கடல் வணிக வரலாற்றிலும் இரண்டாவதை விண்வெளி வரலாற்றிலும் தனித்தனியாகப் படித்துப் பழகிவிட்டோம். ஆனால் இரண்டு இடங்களிலும் நடந்த வேலை ஒன்றே: ஆக்சிஜன் தரும் உப்பின் துகளையும் எரியும் தூளையும் பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று சேர்ப்பது. இந்தத் தொழிலின் வரலாற்றை எந்தப் பொருளை எவ்வளவு சேர்த்தார்கள் என்ற பட்டியலாக எழுதினால் பாதிதான் கிடைக்கும். எப்படிக் கலந்தார்கள் என்பதே அதன் உயிர்நாடி. கிளறியோ சுழற்றியோ மட்டும் உலர்ந்த தூளை நன்றாகக் கலந்துவிட முடியாது என்று ஒவ்வொரு காலத்திலும் பட்டறிந்து, தூளை ஈரமாக்கிக் களியாக்கி இறுக வைப்பதன் மூலம்தான் மனிதர்கள் அந்தச் சிக்கலிலிருந்து தப்பினார்கள் என்பதே என் வாதம்.

முதலில் பழவேற்காடு. விஜயநகரத்தின் கடைசிப் பெரிய அரசரான வேங்கடபதி ராயர் சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட காலத்தில், அவருடைய அரசியரில் ஒருவரின் பொறுப்பில் இந்தத் துறைமுகம் இருந்தது. 1610-இல் டச்சுக்காரர்கள் இங்கே கிடங்கு அமைக்க அனுமதி பெற்றார்கள். 1612-இல் போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்தார்கள். 1613-இல் அதே இடத்தில் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான். பழவேற்காடு என்றதும் பலருக்கும் துணியும் அடிமை வணிகமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பல பத்தாண்டுகள் இங்கே வெடிமருந்து ஆலையும் ஓடியது. பத்தாவியா, மலாக்கா, இலங்கை ஆகிய இடங்களில் இருந்த டச்சுக் கோட்டைகளுக்கும், தாயகம் திரும்பும் கப்பல்களுக்கும் இங்கிருந்து மருந்து போனது. காரணம் எளிது. ஹாலந்திலிருந்து வரும் பீப்பாய் மாதக்கணக்கில் கடலில் கிடந்து ஈரம் குடித்துவிடும். இந்தியாவிலோ வெடியுப்பு மண்ணிலேயே பூக்கிறது. கரி சுடுவதற்குக் காடும் அருகில் இருந்தது. ஆகவே ஆசியப் போர்களுக்கான மருந்தை ஆசியாவிலேயே, அதுவும் கப்பல் வந்து போகும் கரையிலேயே செய்வது கம்பெனிக்கு லாபம். ஆங்கிலேயரும் பின்னர் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே தீவுத்திடலில் இதே தொழிலை நடத்தினார்கள். கிழக்குக் கரையில் வெடிமருந்து ஓரமாக நடந்த தொழில் அல்ல. துணியையும் மிளகையும் காத்து நின்றது அதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். வெடிமருந்தின் தரத்தை முடிவு செய்தது கலவை அல்ல, வெடியுப்பின் தூய்மையும் பொருள்களின் விகிதமும்தான் என்பார்கள். தூய்மையற்ற வெடியுப்பில் சாதா உப்பு இருக்கும்; அது ஈரத்தை இழுக்கும், மருந்து புகைந்து அணையும். எனவேதான் வெடியுப்பைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் படிகமாக்கினார்கள். இது உண்மை, மறுக்கவில்லை. விகிதமும் முக்கியமே. பல நாட்டு ஆலைகளும் காலப்போக்கில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்ற அளவை ஒட்டியே வந்து நின்றன. ஆனால் விகிதம் எல்லோருக்கும் தெரிந்துபோன பிறகும் ஓர் ஆலையின் மருந்து குண்டைத் தூர எறிந்தது, இன்னோர் ஆலையின் மருந்து எறியவில்லை. மூன்று பொருளையும் தூய்மையாக வாங்கி, சரியாக நிறுத்து, கையால் கிளறி மட்டும் பற்ற வைத்தால் அது சீறிக்கொண்டு மெதுவாக எரியும், அவ்வளவுதான். அதே எடைகளை ஈரம் தெளித்துக் கனத்த உருளையின் அடியில் மணிக்கணக்கில் அரைத்து உலர்த்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் பொறிந்து தீரும். வெடியுப்பு தன் ஆக்சிஜனைக் கரிக்குக் கொடுக்க வேண்டும். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பில்தான் அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும். துகளுக்கும் துகளுக்கும் இடையே உள்ள தூரம் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு கூடினாலும் எரிவேகம் விழுந்துவிடும். கரியின் நுண்துளைகளுக்குள் வெடியுப்பும் கந்தகமும் நசுங்கிப் புகுந்தால்தான் மருந்து மருந்தாகிறது. ஆகவே தூய்மையும் விகிதமும் தேவைகள். வேகத்தைக் கொடுப்பது நெருக்கம், அந்த நெருக்கத்தைக் கொடுப்பது கலவைமுறை.

உலர்ந்த தூள் ஏன் கலவைக்கு இணங்குவதில்லை? நீர்மத்தைப் போலத் துகள்கள் தாமாகப் பரவிக் கலப்பதில்லை. வெப்பத்தால் ஒரு மணல்மணி நகர்ந்து பக்கத்து மணியின் இடத்துக்குப் போய்விடாது. யாராவது தள்ள வேண்டும். கிடைமட்டமாகப் படுத்த ஓர் உருளையில் பாதியளவு தூளை நிரப்பிச் சுற்றினால் எல்லாம் புரண்டு கலப்பதுபோல் தெரியும். உண்மையில் புரள்வது மேற்பரப்பிலுள்ள ஒரு மெல்லிய படலம் மட்டுமே. அதற்கு அடியில் இருப்பவை உருளையோடு ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகச் சுற்றி வருகின்றன. அந்த மெல்லிய படலம் சரிந்து ஓடும்போது பெரிய மணிகளுக்கு இடையே கிடைக்கும் இடுக்குகளில் சின்ன மணிகள் நழுவி இறங்குகின்றன. சில சுற்றுகளுக்குள் சின்னவை நடுவில் ஒரு கருவாகத் திரண்டுவிடும், பெரியவை சுற்றிலும் நிற்கும். இன்னும் நெடுநேரம் சுற்றினால் உருளையின் நீளவாக்கில் பெரியவை ஒரு பட்டை, சின்னவை ஒரு பட்டை என்று பிரிந்து நிற்கும். இந்தப் பட்டைகளை 1939-இல் ஜப்பானியர் ஒயாமா பதிவு செய்தார். பாதிக்கு மேல் நிரப்பினால் நிலை இன்னும் மோசம்: சரிவுப் படலம் தொடவே தொடாத ஒரு மையப் பகுதி உள்ளே அப்படியே தங்கிவிடும் என்று 1995-இல் மெட்காஃப், ஷின்பிராட், மெக்கார்த்தி, ஓட்டினோ ஆகியோர் காட்டினார்கள். வேகத்தைக் கூட்டினால் தீருமா என்றால், ஓர் எல்லைக்கு மேல் துகள்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், கலவையே நின்றுவிடும். இதன் பொருள், சுழலும் கலம் கலக்கும் கருவி மட்டும் அல்ல, பிரிக்கும் கருவியும்தான் என்பதே. ஒரு நேரம் வரை கலவை மேம்படும், அதன்பின் கெடத் தொடங்கும். அதிகநேரம் சுற்றியதால் நன்றாகக் கலந்திருக்கும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

நன்றாகக் கலந்தது என்று எப்போது சொல்வது என்பதற்கே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தெளிவான அளவுகோல் இல்லை. வேதிப்பொறியாளர் டாங்க்வெர்ட்ஸ் 1952-இல் ஒரு கேள்வியைத் தெளிவாக்கினார்: கலவையை எவ்வளவு நெருக்கத்தில் பார்க்கிறீர்கள்? ஒரு கிலோ எடுத்துப் பார்த்தால் சீராக இருப்பது, ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தால் சீராக இல்லாமல் போகலாம். லேசி 1954-இல், எடுக்கும் மாதிரிகளுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதைக்கொண்டு கலவையை எடைபோடும் குறியீட்டை வகுத்தார். இவர்கள் சொன்னதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. மிகச் சிறந்த உலர் கலவைகூட ஒழுங்கான அடுக்கு அல்ல, குருட்டாம்போக்கில் சிதறியதுதான். குருட்டாம்போக்கு என்றால் அங்கங்கே திட்டுகள் இருந்தே தீரும். நூறு துகள் கொண்ட மாதிரியில் அந்தத் திட்டுகள் பெரிதாகத் தெரியும், லட்சம் துகள் கொண்ட மாதிரியில் மறைந்துவிடும். எனவே துகளை நுணுக்காமல் கலவை உயராது. ஆனால் நுணுக்கினால் தூள் ஒட்டும், கட்டியாகும், காற்றில் பறக்கும்; வெடிமருந்தில் அந்தப் புழுதியே கொல்லும்.

பழைய நூல்களில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதையை இங்கே சரிபார்க்க வேண்டும். உலர்ந்த வெடிமருந்தை வண்டியில் ஏற்றிப் போனால் குலுக்கலில் கனமான வெடியுப்பும் கந்தகமும் அடியில் இறங்கி, லேசான கரி மேலே வந்துவிடும். எனவே போர்க்களத்தில் மறுபடி கலக்க வேண்டியிருந்தது. அதனால்தான் 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மருந்தை நனைத்து மணிகளாகத் திரட்டும் பழக்கம் வந்தது என்பார்கள். இதை ஐயுறுவோர் உண்டு, அவர்கள் ஐயத்தில் நியாயமும் உண்டு. வெடியுப்பின் அடர்த்தி ஏறக்குறைய 2.1, கந்தகத்தினுடையது 2.07; இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. அவற்றுக்குள் எடை காரணமாகப் பிரிவு வராது. மிக நுண்ணிய தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மையால் எளிதில் பிரியவும் செய்யாது. ஈரம் உறிஞ்சிக் கெடுவதே பெரிய தொல்லையாக இருந்திருக்கலாம். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைக் குலைக்கவில்லை, இன்னும் கூர்மையாக்குகிறது. உலர்ந்த துகள் பிரிவதற்குப் பெரும்பாலும் எடையை விட அளவே காரணம். ஒரே நுண்மைக்கு அரைக்காமல், கரியைக் கொரகொரப்பாகவும் வெடியுப்பை மாவாகவும் விட்ட ஆலையின் மருந்து வண்டியில் பிரிந்திருக்கும். நன்றாக அரைத்த ஆலையின் மருந்து பிரிந்திருக்காது. மணிகளாகத் திரட்டியதும் இரண்டு தொல்லையும் சேர்ந்தே தீர்ந்தன. ஒவ்வொரு மணிக்குள்ளும் மூன்று பொருளும் பூட்டப்பட்டுவிட்டன. மணிகளுக்கு இடையே காற்று புகுந்து தீ வேகமாகப் பரவவும் வழி கிடைத்தது.

தூளை நனைத்து அரைப்பது ஐரோப்பியர் இந்தக் கரைக்குக் கொண்டுவந்த அறிவு என்று நினைக்கத் தேவையில்லை. சித்த மருத்துவம் சரக்குகளைக் கல்வத்தில் இட்டு, மூலிகைச் சாறு விட்டு, இத்தனை சாமம் அரை என்று நேரக்கணக்கில்தான் சொல்கிறது. ஒரு சாமம் என்பது மூன்று மணி நேரம். இரசமும் கந்தகமும் வெறும் கையால் கலந்தால் சேராதவை. கல்வத்தில் நெடுநேரம் அரைத்தால் கறுத்து ஒன்றாகும். சுண்ணாம்புக் கட்டடக்காரர்கள் வட்ட வாய்க்காலில் கல்லுருளையை ஓடவிட்டு, காளையைப் பூட்டி, நீர் விட்டுச் சுண்ணாம்பும் மணலும் அரைத்தார்கள். வெடிமருந்து ஆலையின் கனத்த உருளை எந்த வேலையைச் செய்ததோ அதே வேலைதான். நசுக்குதல், இழுத்தல், புரட்டுதல் மூன்றும் ஒரே சுற்றில் நடந்தன. ஈரம் தூளைப் பிடித்து வைத்தது. ஐரோப்பாவில் உரலும் உலக்கையுமாக இடிக்கும் ஆலைகளில் தீவிபத்துகள் பெருகியதால், 1772-இல் இங்கிலாந்து சில விலக்குகளோடு அவற்றைத் தடை செய்து, உருளை ஆலைகளை மட்டும் அனுமதித்தது. பிரான்ஸோ புரட்சிக் காலத்தில் எதிர்வழியில் போய்ப் பார்த்தது. படைகளுக்கு உடனடியாக மருந்து வேண்டும், மணிக்கணக்கில் அரைக்க நேரமில்லை. எனவே வெண்கலக் குண்டுகளோடு சேர்த்துத் தூளைப் பீப்பாயில் சுழற்றி விரைவாகக் கலந்தார்கள். சுழலும் கலம் போர்த்தொழிலுக்குள் பெரிய அளவில் வந்தது அப்போதுதான். அந்தப் பெருக்கத்தின் நடுவே 1794 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸின் கிரெனெல் ஆலை வெடித்துச் சிதறியது. சுமார் ஆயிரம் பேர் மாண்டார்கள். ஒரே இடத்தில் அளவுக்கு மீறிக் குவித்த மருந்து, பழக்கமில்லாத ஆட்கள், அவசரம் என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் நனைத்து மெதுவாக அரைப்பதற்குப் பொறுமையில்லாத காலத்தில் அது நடந்தது என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

கலவை நிலைக்க வேண்டுமானால் அதைப் பூட்ட வேண்டும் என்பதற்குச் சத்தியவேட்டின் மண்ணிலேயே ஒரு சான்று இருக்கிறது. இந்த ஊரின் பெயரால் அழைக்கப்படும் பாறைத்தொகுதி ஒன்று புவியியல் நூல்களில் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆராய்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், திருப்பெரும்புதூர்த் தொகுதி என்றும் சத்தியவேட்டுத் தொகுதி என்றும் இவற்றைப் பிரித்துப் பெயரிட்டார். அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளை உலகுக்குக் காட்டியவரும் அவரே. சத்தியவேட்டுப் பாறையில் உருண்டைக் கற்களும் கூழாங்கற்களும் மணலும் இரும்புச் செம்மை ஏறிய பாறையாக இறுகிக் கிடக்கின்றன. வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஓடும் நீர் பொதுவாகக் கல்லைக் கல்லோடும் மணலை மணலோடும் பிரித்துப் போடும். பெருவெள்ளம் அள்ளி வந்து ஒன்றாகக் கொட்டியதை மறு வெள்ளம் பிரிப்பதற்குள் புதைந்து, பிறகு கனிமக் கரைசல் ஊறிப் பிணைந்ததால்தான் இந்தக் கலவை நமக்குக் கிடைத்திருக்கிறது.

வெடிமருந்தை நனைத்து மணியாக்கிய பிறகும் ஒரு குறை மிச்சம் இருந்தது. துப்பாக்கிக்கு மணி போதும், ஏவுகணைக்குப் போதாது. அதன் குழாய்க்குள் மருந்து ஒரே கட்டியாக, வெடிப்பே இல்லாமல் இருக்க வேண்டும். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்தபோது பறந்த மைசூர் ஏவுகணைகள் இரும்புக் குழாய்க்குள் மருந்தை இறுக்கி இடித்தவை. இரும்பு தாங்கியதால் மூங்கிலையும் காகிதத்தையும் விட அதிகம் இடிக்க முடிந்தது, அதிக அழுத்தத்தில் எரிக்க முடிந்தது. ஆனால் இடித்த தூள் கட்டி எவ்வளவு இறுகினாலும் உலர்ந்த துகள்களின் கூட்டம்தான். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், விரிசல் விடும். விரிசலுக்குள் தீ புகுந்தால் எரியும் பரப்பு பெருகிக் குழாயே வெடிக்கும். 160 ஆண்டுகள் கழித்து கலிஃபோர்னியாவில் அதே தொல்லை எழுந்தது. விமானம் மேலெழ உதவும் சிறு ஏவுகணைகளுக்கு ஜாக் பார்சன்ஸ் குழுவினர் 1941-இல் இடித்து இறுக்கிய மருந்தைத்தான் பயன்படுத்தினார்கள். சில நாள் வைத்திருந்தாலே அவை விரிசல் கண்டு வெடித்தன. 1942-இல் பார்சன்ஸ் தூளை இடிப்பதை விட்டுவிட்டு, உருக்கிய தாரில் பொட்டாசியம் பெர்குளோரேட்டைக் கலந்து அச்சில் ஊற்றினார். இன்றைய பெரிய திட ஏவூர்திகள் எல்லாவற்றுக்கும் மூதாதை அந்தத் தார்க்கலவைதான். அதற்கு முன்பே, நீலகிரியின் அருவங்காட்டில் 1900-களின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் ஆலையும் இதே பாதையில்தான் போயிருந்தது. அங்கே நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் அசிட்டோனில் ஊறவைத்துப் பிசைந்து, களியாக்கி, இழையாகப் பிதுக்கினார்கள்.

இப்போது ஏரியின் மறுபுறம். 1969-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ஆய்வு ஏவூர்தி பறந்தது. சென்னைக்குப் பக்கிங்காம் கால்வாய் வழியே விறகு அனுப்பிய தீவு அது; அங்கே வாழ்ந்த யானாதி மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள் என்பதை எந்த வரலாறும் விட்டுவிடக் கூடாது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்த எஸ்.எல்.வி.-3 நான்கு அடுக்கும் திட எரிபொருள் கொண்டது; முதல் அடுக்கில் 9 டன்னுக்குச் சற்றுக் குறைவு. பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கில் 138 டன். 2010 ஜனவரி 24 அன்று தரையில் நிறுத்திச் சோதித்த எஸ்-200 மோட்டாரில் 200 டன்னுக்கும் மேல். இந்த எரிபொருளில் மூன்றில் இரண்டு பங்கு அமோனியம் பெர்குளோரேட், ஆறில் ஒரு பங்கையொட்டி அலுமினியத் தூள்; இவற்றைப் பிணைக்க எச்.டி.பி.பி. எனப்படும் பிசுபிசுப்பான ரப்பர் திரவம். ரப்பரின் பங்கு ஏழில் ஒன்றுதான். இவ்வளவு குறைந்த திரவத்தில் இவ்வளவு தூளை எப்படி நனைப்பது? பெர்குளோரேட்டைப் பருமனாகவும் நுண்மையாகவும் இரண்டு அளவுகளில் எடுத்து, பருமணிகளின் இடுக்குகளை நுண்மணிகள் நிரப்பும்படி செய்கிறார்கள். உலர் கலவையில் பிரிவை உண்டாக்கிய அதே அளவு வேற்றுமை, நனைந்த கலவையில் அடர்த்தியைக் கொடுக்கிறது. எதிரியாக இருந்த பண்பைத் துணையாக மாற்றிய இந்த இடத்தைத்தான் இந்தத் தொழிலின் முழு வரலாற்றிலும் மிக அழகான திருப்பம் என்று நான் கருதுகிறேன்.

அந்தக் களியைக் கலக்கும் கருவி செங்குத்தாக நிற்கும் பெரிய கிண்ணம். கிண்ணத்தைக் கீழிருந்து தூக்கி, மேலே தொங்கும் கத்திகளை உள்ளே நுழைய விடுவார்கள். கத்திகள் தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு, கிண்ணத்தின் நடுவையும் சுற்றி வரும். இதனால் எந்த மூலையும் தொடப்படாமல் நிற்காது. கத்தியின் அச்சும் தாங்கிகளும் கலவைக்கு மேலேயே இருப்பதால் மருந்து அவற்றுக்குள் புகுந்து உராய வழியில்லை. படுக்கைவாட்டுக் கலவைப் பொறிகளில் அந்த ஆபத்து உண்டு. முதலில் ரப்பர் திரவமும் அலுமினியமும். பிறகு பெர்குளோரேட், தொலைவிலிருந்து இயக்கி, கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் இறுகவைக்கும் வேதிப்பொருள். காற்றுக் குமிழி தங்காதபடி வெற்றிடத்தில் கலந்து, வெற்றிடத்திலேயே வார்த்து, நாள்கணக்கில் வெதுவெதுப்பில் இறுக விடுகிறார்கள். எஸ்-200 மோட்டாரின் ஒரு துண்டை நிரப்பவே பல கிண்ணம் தேவைப்படும். ஒரு கிண்ணத்துக்கும் அடுத்த கிண்ணத்துக்கும் வேறுபாடு இருந்தால் என்ன ஆகும்? எல்.வி.எம்.-3 ஏவூர்தியின் இரு பக்கமும் இரண்டு எஸ்-200 ஒரே நேரத்தில் எரிகின்றன. ஒன்று சற்று வேகமாக எரிந்தால் ஏவூர்தி ஒருபக்கம் இழுக்கப்படும். அமெரிக்க விண்ணோடத்தின் இரட்டை மோட்டார்களுக்கும் இதே கவலைதான் இருந்தது. அங்கே வலத்துண்டையும் இடத்துண்டையும் ஒரே கலவைகளிலிருந்து இணையாக வார்த்தார்கள். லேசியும் டாங்க்வெர்ட்ஸும் தாளில் எழுதிய மாதிரி வேறுபாடு இங்கே ஏவூர்தியின் திசையாகிவிடுகிறது. 2025 பிப்ரவரியில் பெங்களூருவின் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி ஒப்படைத்த 10 டன் செங்குத்துக் கலவைப் பொறி, ஒரே தடவையில் அதிகம் கலந்து கிண்ணங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகவே. பொறியின் எடை மட்டும் சுமார் 150 டன். இவ்வளவு கவனத்துக்கு நடுவிலும் 2004 பிப்ரவரி 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் திட எரிபொருள் ஆலையில் நடந்த விபத்தில் ஆறு பேர் இறந்தார்கள்.

பழவேற்காட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவையும் இணைப்பது நிலப்படத்தைக் காட்டி மயக்குவது என்று வரலாற்றாசிரியர் ஒருவர் கண்டிக்கலாம். டச்சு ஆலையின் கைவேலைக்காரர்கள் யாரும் இஸ்ரோவுக்கு எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. நடுவே 200 ஆண்டுக்கும் மேலான இடைவெளி. ஸ்ரீஹரிகோட்டாவைத் தேர்ந்தது கிழக்கே திறந்த கடலுக்காக, பழைய வெடிமருந்துக்காக அல்ல. முழுவதும் சரி. நான் சொல்வது மரபுத் தொடர்ச்சி அல்ல, சிக்கலின் தொடர்ச்சி. ஆசானும் மாணவனும் இல்லாமலே இரண்டு காலத்தவர் ஒரே விடையில் வந்து நின்றால், விடை மனிதரின் விருப்பத்திலிருந்து வரவில்லை, துகளின் இயல்பிலிருந்து வருகிறது என்று பொருள். இடத்தேர்விலும் இந்த ஒற்றுமை உண்டு: இரு தரப்பினரும் சரக்கு எளிதில் புறப்படும் கரையைத் தேடினார்கள், ஏரியின் கரை அதைக் கொடுத்தது.

வலுவான மறுப்பு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. உலர்ந்த தூளை உலகம் நாள்தோறும் கலக்கிறதே! தேயிலையைச் சுழலும் உருளையில் கலக்கிறார்கள், கால்நடைத் தீவனம் கலக்கிறார்கள், உரம் கலக்கிறார்கள். உண்மைதான், ஆனால் எங்கெல்லாம் இது வெற்றி பெறுகிறது என்று கவனியுங்கள். மணிகளின் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் இடத்திலோ, ஒரு கரண்டிக்கும் மறு கரண்டிக்கும் சிறு வேறுபாடு வந்தால் யாருக்கும் கேடில்லாத இடத்திலோதான். இன்னொரு வழியை 1975-இல் ஹெர்ஸி எடுத்துக்காட்டினார்: மிக நுண்ணிய தூள் பெரிய மணியின் மேல் ஒட்டிக்கொண்டால் அந்தக் கலவை குருட்டாம்போக்குக் கலவையை விடச் சீராக இருக்கும். அதுவும் ஒரு பூட்டுதான்; நீருக்குப் பதில் ஒட்டும் விசை. மாத்திரை செய்வோர் பெரும்பாலும் தூளைப் பசை விட்டு நனைத்து, குறுணையாக்கி, உலர்த்திய பிறகே அழுத்துகிறார்கள். சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில்நகரத்தின் சாக்லேட், பற்பசை ஆலைகளைப் பார்த்தாலும் இதே கதை. சாக்லேட் என்பது சர்க்கரைத் தூளையும் கோக்கோவையும் கொழுப்பில் நெடுநேரம் புரட்டி ஒவ்வொரு துகளையும் பூசுவது. 1879-இல் லிண்ட் கண்டுபிடித்த வழி அது. பற்பசை என்பது தேய்க்கும் தூளைத் திரவத்தில் நிறுத்தி வைப்பது. பல்பொடி இருந்த இடத்தைப் பற்பசை பிடித்ததும், உலர் தூளிலிருந்து களிக்கு நகர்ந்த நீண்ட நகர்வின் ஒரு பகுதியே.

என் வாதத்துக்கு உண்மையான எல்லை சிவகாசியில் இருக்கிறது. 1920-களில் தீப்பெட்டியோடு தொடங்கிப் பட்டாசுக்கு விரிந்த அந்த ஊரில், வெடிக்கும் சரக்கை நனைத்துத் தப்பிக்க எப்போதும் முடியாது. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் உள்ள கலவையில் ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளக் கூடும். மழைநாளில் கெட்ட மருந்து அடுத்த நாள் வெடிப்பதும் உண்டு. ஓசை தரும் வெடிக்கு மருந்து நுண்ணிய உலர் தூளாகவே குழலுக்குள் போக வேண்டும். களியாக்கி இறுக்கினால் அது எரியும், வெடிக்காது. ஆகவே ஈரத்தின் பாதுகாப்பை விட்டு, ஏவூர்தியும் சாக்லேட்டும் கைவிட்ட உலர் கலவையை அங்கே இன்னும் மனிதக் கை செய்கிறது: சல்லடையில் மறுபடி மறுபடி சலித்து, கையால் புரட்டி, ஒரே நிறம் வரும்வரை. மருந்துக் கலவை அறையில் உராய்வு ஏற்பட்டு விபத்து என்ற செய்தி ஆண்டுதோறும் வருகிறது. ஒவ்வொரு முறையும் விதிமீறலைத் தேடுகிறோம், தேட வேண்டியதுதான். ஆனால் விதிப்படியே நடந்தாலும், உலர்ந்த தூள் சல்லடைக் கண்ணில் உராயும் அந்த ஒரு செயல் அங்கே இருந்தே தீரும். சில கிலோ மருந்தைக் கலக்கும் அறையில் கை இருக்கிறது; 10 டன் களியைக் கலக்கும் அறையில் ஆளே இல்லை, கட்டுப்பாட்டு அறை தூரத்தில் இருக்கிறது. துகளின் இயல்பு இரண்டு இடத்திலும் ஒன்று. வேறுபாடு முழுவதும் எந்தப் பொருளுக்காக எவ்வளவு செலவு செய்யத் துணிந்தோம் என்பதில்தான். தூளைத் தொலைவிலிருந்து சலிக்கவும் புரட்டவும் ஒரு சிறு பொறி செய்வது, 150 டன் எடையில் கலவைப் பொறி செய்யத் தெரிந்த நாட்டுக்கு அரிய வேலை அல்ல.